புங்க மரம் வளைந்து கொடுத்தது



ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: "நாவல் படிக்கும்போது மனிதர்கள் பேசுகிற இடத்தை மட்டும்தான் நான் படிப்பது வழக்கம். ஆறு, மலை, மரம், வெயில் என்று ஆசிரியர் ஆரம்பித்துவிட்டால் இரண்டு பக்கம் தள்ளிவிடுவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறவளுக்கு வர்ணனைக்கெல்லாம் நேரம் ஏது? இது தப்பா?"

தப்பில்லை, அம்மா. நானும் அப்படித் தள்ளியவள்தான். கதாநாயகி கண்ணைக் கசக்கினால் வானம் பொத்துக் கொண்டு ஊற்றுவதும், காதலர்கள் பிரிந்தால் சந்திரன் மேகத்துக்குள் போய் முகத்தை மறைத்துக் கொள்வதும் நாம் எத்தனை கதைகளில் பார்த்தாகிவிட்டது! அந்த மழையையும் சந்திரனையும் தள்ளிவிட்டால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கூலிக்கு மாரடிக்க வந்தவர்கள் போல அவை அழுதுவிட்டுப் போகின்றன.

ஆனால் வேறு சில கதைகள் உண்டு. அங்கே மரத்தையும் மண்ணையும் தள்ளிவிட்டுப் படிப்பது, கோர்ட்டில் முக்கியமான சாட்சியை வெளியே போகச் சொல்லிவிட்டு வழக்கை நடத்துகிற மாதிரி. ஊரை விட்டு ஓடியவர்கள், ஊரிலிருந்து விரட்டப்பட்டவர்கள், சண்டையில் எல்லாம் இழந்தவர்கள் இவர்களுடைய கதைகளைச் சொல்கிறேன். இவர்களிடம் பத்திரம் இருக்காது, பட்டா இருக்காது, எழுதி வைத்த சரித்திரமும் இருக்காது. "எங்களுக்கு இது நடந்தது" என்று சொல்ல ஒரு மரம் இருக்கும், ஒரு ஆறு இருக்கும். அவ்வளவுதான் அவர்களுக்குச் சாட்சி.

நம் தமிழில் இது புது விஷயமும் அல்ல. கோவலனும் கண்ணகியும் பிறந்த ஊரை விட்டு மதுரைக்கு வந்து சேருகிறார்களே, அப்போது வையை ஆறு என்ன செய்தது என்று இளங்கோவடிகள் சொல்கிறார், ஞாபகம் இருக்கிறதா? கண்ணகிக்கு வரப்போகும் துன்பம் தனக்குத் தெரியும் என்பது போல, ஆறு தன் மேனி முழுவதும் பூக்களைப் போர்த்துக் கொண்டு கண்ணீரை மறைத்துக் கொண்டதாம். மதிற்கொடிகள் "வராதே, வராதே" என்று கையசைப்பது போல ஆடினவாம். நடக்கப் போகும் அநியாயத்தை முதலில் அறிந்தவள் வையை. அவளுக்கு வாய்தான் இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது வையைக்கும் தெற்கே உள்ள சமாசாரம். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போகும்போது, சாத்தூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். சிவப்பு மண் போய், கண்ணுக்கெட்டின மட்டும் கறுப்பு மண். மரம் என்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கருவேலும் உடையும் வேம்பும் பனையும். கோவில்பட்டி ஸ்டேஷனில் கடலை மிட்டாய் வாங்குவதற்காக மட்டும் தலையை நீட்டிவிட்டு, மறுபடி உள்ளே இழுத்துக் கொள்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்துவிட்டது. மண்ணுக்குத்தான் யாரும் ஒரு குறியீடும் தரவில்லை!

இந்தக் கரிசல் மண் ஒரு வினோதமான மண். மழை பெய்தால் உப்பிக் கொள்ளும். காலில் அப்பிக் கொண்டு விடவே விடாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சேர் மண்ணைத் தூக்கிக் கொண்டு நடக்க வேண்டும். கோடையில் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் சாவிக் கொத்து விழுந்தால் விழுந்ததுதான். ஈரத்தில் பதிந்த கால்தடம் காய்ந்துவிட்டால் அடுத்த மழை வரைக்கும் அழியாது. யார் வந்தார்கள், எந்தப் பக்கம் போனார்கள், மாடா ஆளா, ஓடினார்களா நடந்தார்களா, எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆற்றுப் பாசனம் கிடையாது. கண்மாயும் வானமும்தான் கதி. ஐப்பசி மழையை நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விதைக்கிற மானாவாரிப் பூமி.

அந்தப் பூமிக்குப் போய் யார் குடியேறுவார்கள்? தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் பூமி இருக்க, இந்த வெயிலைத் தேடி யார் வருவார்கள்?

வந்தவர்களின் கதைதான் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976-ல் வெளிவந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923-ல் பிறந்தவர் கி.ரா.; 2021-ல் புதுச்சேரியில் காலமானார். அதே இடைசெவலில், அதே வருஷத்தில், அதே செப்டம்பர் மாதத்தில் பிறந்தவர் கு. அழகிரிசாமி. ஒரு சின்ன ஊருக்கு ஒரே மாதத்தில் இரண்டு பெரிய எழுத்தாளர்கள்! மழைதான் அந்த ஊருக்குக் குறைச்சல்.

நாவலில், நூறு வயதையும் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் என்ற பாட்டி பழைய கதை சொல்கிறாள். பாட்டி சொல்வது இதுதான். வடக்கே தெலுங்கு நாட்டில் அவர்கள் குடும்பத்தில் சென்னாதேவி என்று ஒரு பெண். பேரழகி, பாடினால் கேட்டுக் கொண்டே இருக்கலாம். அவளை அந்த நாட்டு ராஜா கேட்டு விட்டான். கொடுக்க மனமில்லை, மறுக்க வழியில்லை. ராவோடு ராவாக வீடு, நிலம், மாடு, கன்று எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தெற்கே ஓடி வருகிறார்கள். பின்னால் குதிரைப் படை. எதிரே ஆறு. இனி முடிந்தது என்று நிற்கும் நேரத்தில், கரையிலே நின்ற ஒரு மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்த்து விடுகிறது.

இது கி.ரா.வின் கற்பனை மட்டும் என்று நினைத்து விடாதீர்கள். 1906-ல் மதுரை ஜில்லா கெஜட்டைத் தொகுத்த பிரான்சிஸ் துரை, கம்பளத்து நாயக்கர்களைப் பற்றி எழுதும்போது கிட்டத்தட்ட இதே கதையைப் பதிந்து வைத்திருக்கிறார். துரத்தப்பட்டு வந்தவர்கள் கடக்க முடியாத ஓர் ஆற்றங்கரையில் நின்றபோது, இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாகி வழி விட்டனவாம். அவர்கள் கடந்ததும் மரங்கள் நிமிர்ந்து கொண்டன. துரத்தி வந்தவர்கள் அக்கரையிலேயே நின்றார்கள். அந்த நன்றிக்காகத்தான் அவர்கள் கல்யாணப் பந்தலுக்குப் புங்கந்தழை வேண்டும் என்பார்கள்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். நம் வீட்டுக் கல்யாணங்களில் வாழை கட்டுகிறோம், அரசாணிக்கால் நடுகிறோம். ஏன் என்று கேட்டால் "பெரியவர்கள் செய்தார்கள்" என்போம். இவர்களுக்குக் காரணம் தெரியும். நானூறு ஐந்நூறு வருஷம் கழித்தும், ஒவ்வொரு மணப்பெண்ணும் தன் பாட்டிகள் உயிர் தப்பிய மரத்தின் நிழலிலே உட்கார்ந்துதான் தாலி கட்டிக் கொள்கிறாள். இதைவிடப் பெரிய சரித்திரப் புத்தகம் என்ன வேண்டும்?

ஆனால், சகோதரிகளே, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவது நியாயமல்ல.

முதலாவது, இந்தக் கதைகளில் எல்லாம் ஊர் பெயர்ந்ததற்குக் காரணம் ஒரு பெண். தமிழ்நாட்டிலே பல சாதியாரின் பூர்வ கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "ராஜா பெண் கேட்டான், நாங்கள் கொடுக்கவில்லை, ஓடி வந்தோம்." சரித்திரக்காரர்கள் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். விஜயநகரப் படைகள் தெற்கே வந்தன. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் மதுரையில் அமர்ந்தார். அவரும் அரியநாத முதலியாரும் சேர்ந்து நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்ததாகச் சொல்வது வழக்கம். படையோடு வந்தவர்கள், படைக்குப் பின்னால் வந்தவர்கள், பஞ்சத்துக்குப் பயந்து வந்தவர்கள், கறுப்பு மண்ணில் பருத்தி போடத் தெரிந்தவர்கள் என்று பல தினுசான ஜனங்கள் வந்திருக்கிறார்கள். படை, பஞ்சம், வரி, பருத்தி எல்லாவற்றையும் மறந்து, ஒரு பெண்ணின் அழகை மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்வது ஆண்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கலாம். "அவளால்தான் ஓடி வந்தோம்" என்று சொல்லிவிட்டு, பிறகு அவளையே தெய்வமாக்கிக் கும்பிட்டும் விடலாம்! மரம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஓடி வந்தவர்கள் யார், ஏன் ஓடி வந்தார்கள் என்று அது கேட்கவே இல்லை. வளைந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது விஷயம் இதைவிடக் கடினமானது. உயிர் தப்பி வந்தவர்கள் கரிசல் காட்டில் ஓர் இடம் பார்த்துத் தங்குகிறார்கள். ஒரே முள் காடு. வெட்டி மாளாது. ஆகவே தீ வைக்கிறார்கள். காடு எரிகிறது. அதிலே இருந்த உயிர்களின் கதி என்ன? மரம் காப்பாற்றிய ஜனங்கள், மரங்களைக் கொளுத்தித்தான் குடியேற வேண்டியிருந்தது. கி.ரா. இதை மூடி மறைக்கவில்லை, மெனக்கெட்டுச் சொல்கிறார். அகதியாய் வந்தவன் வேறு சிலரை அகதியாக்காமல் அடுப்பு மூட்ட முடியவில்லை. அங்கே ஏற்கெனவே ஆடு மேய்த்துக் கொண்டும் வேட்டையாடிக் கொண்டும் திரிந்த மனிதர்கள் யாராவது இருந்திருந்தால் அவர்கள் என்ன கதை சொல்வார்கள்? அவர்களுடைய கதையிலும் ஒரு மரம் இருந்திருக்கும். அது எரிந்து போன மரம்.

நாவலைப் படிக்கையில் இந்தத் தீயின் பக்கங்களை, 'வர்ணனைதானே' என்று தள்ளிவிட்டால், கதையின் பாதி நியாயம் போய்விடும். நம் வாசகிக்கு நான் சொல்ல நினைத்தது முக்கியமாக இதைத்தான்.

சரி, புங்க மரத்துக்குத் திரும்புவோம். அது காப்பாற்றியவர்களின் சந்ததி பிற்காலத்தில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் கம்பளத்தார். எட்டயபுரத்து ராஜாவும் கம்பளத்தார்தான். இரு வீட்டாருக்கும் ஒரே பூர்வ கதை. ஒரே புங்க மரம். 1799-ல் கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரத்து ஆட்கள் கும்பெனி பக்கம். அந்த வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலிச் சாலையில் போனால் வருகிற ஊர்தான் கயத்தாறு. தூக்கு மேடை கட்டவில்லை. அங்கே நின்ற புளிய மரம் ஒன்றே போதுமாயிருந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. முன்னோர்களுக்காக ஒரு மரம் வளைந்தது. பேரனுக்கு ஒரு மரம் வளையாமல் நின்றது. 1959-ல் வந்த சிவாஜி கணேசன் படத்தை உங்களில் எத்தனையோ பேர் பார்த்துக் கண்ணீர் விட்டிருப்பீர்கள். அவரே பிறகு 1970-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார்.

அதோடு முடியவில்லை. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த மண் கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடி எழுப்பி விட்டார். கரிசல் மண்ணும், சுற்றிலும் முள் வேலியும். அதற்குப் பின்னால் மனிதர்கள். பீரங்கி வைத்திருந்த கும்பெனிக்கு அதைப் பிடிக்க மே 24-ந் தேதி வரைக்கும் ஆயிற்று.

கோட்டை விழுந்த அன்றைக்கு நடந்த ஒரு காரியத்தை, எதிர்த் தரப்பில் சண்டை போட்ட கர்னல் வெல்ஷ் என்ற துரையே, 1830-ல் அச்சான தம் ஞாபகப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இதை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

சண்டை ஓய்ந்த வெளியிலே, தன் மகனைத் தேடிக் கொண்டு ஒரு தாய் வருகிறாள். சவங்களுக்கு நடுவே மகன் குற்றுயிராய்க் கிடக்கிறான். அவனைத் தூக்கப் போகிறாள். அவன், "என்னை விடு அம்மா, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று" என்கிற அர்த்தத்தில் சொல்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெற்ற மகனை அங்கேயே விட்டுவிட்டு, அந்தத் தாயும் கூட வந்த பெண்களும் ஊமைத்துரையைத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். அதற்குள் எட்டயபுரத்து ஆட்கள் தேடிக் கொண்டு வருவது தெரிகிறது. உடனே பெண்கள் அவரை வெள்ளைத் துணியால் மூடி, சுற்றி உட்கார்ந்து ஓவென்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் கேட்டதற்கு, "அம்மை போட்டு இறந்து விட்டான்" என்று பதில். அம்மை என்ற வார்த்தையைக் கேட்டதும், ஆயுதம் தாங்கி வந்தவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள்!

வாசலிலே வேப்பிலை செருகியிருப்பார்கள் என்று என் மனம் கற்பனை செய்து கொள்கிறது. துரை எழுதியதில் அது கிடையாது. நான் சேர்த்துக் கொண்டது. மகனை விட்டுவிட்டு வந்த தாய் அழுத அழுகை பொய் அழுகையா? ஊமைத்துரைக்காகப் பொய்யாக ஆரம்பித்தது, மகனை நினைத்து நிஜமாகத்தான் முடிந்திருக்கும். வெல்ஷ் அவள் பெயரை எழுதவில்லை. அதே வருஷம் நவம்பரில் ஊமைத்துரையும் பிடிபட்டுப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்து விட்டார்கள் என்று அந்தப் பக்கத்தார் சொல்வார்கள். இனி அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்கே அடையாளம் இருக்கக் கூடாதாம். பாருங்கள், அழிக்க நினைத்தவனுக்கும் ஒரு செடிதான் தேவைப்பட்டது. 1974-ல் தமிழக அரசு அங்கே ஒரு நினைவுக் கோட்டை கட்டியது. குழந்தைகளை அழைத்துப் போனால் சுவரில் சித்திரங்கள் காட்டலாம். எனக்கென்னவோ, கோட்டைக்கு வெளியே கிடக்கிற மண்ணைப் பார்த்துக் கொண்டு சற்று நேரம் நிற்பதுதான் பிடிக்கும்.

இவையெல்லாம் பழைய காலத்துச் சங்கதிகள். இப்போதைய கதைகளுக்கு வந்தால், கோவில்பட்டி வட்டாரத்திலேயே 1947-ல் பிறந்த பூமணியின் 'வெக்கை' நாவலைச் சொல்ல வேண்டும். 1982-ல் வந்தது. 2019-ல் 'அசுரன்' என்று சினிமாவாகவும் வந்து, புத்தகத்தைப் படிக்காத வீடுகளிலும் கதை தெரிந்து விட்டது. ஆனால் சினிமாவில் கண்ட ரத்தத்தை வைத்து நாவலை எடை போட்டு விடாதீர்கள்.

சிதம்பரம் என்று பதினைந்து வயதுப் பையன். நம் வீட்டில் பரீட்சைக்குப் படித்துக் கொண்டு, "அம்மா, பசிக்கிறது" என்று அரற்றும் வயது. அவன் அண்ணனைக் கொன்றுவிட்ட வடக்கூரான் என்கிற பெரிய மனிதனின் கையை மட்டும் வெட்டி விட வேண்டும் என்று போகிறான். உயிரே போய்விடுகிறது. அன்றிரவே அய்யாவும் மகனும் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். தாயும் தங்கையும் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். ஒரு வாரத்துக்கு மேல் கரிசல் காட்டிலும் ஓடைக் கரையிலும் மலையடியிலும் ஒளிந்து ஒளிந்து கழிகிறது. கடைசியில் கோர்ட்டில் ஆஜராகப் புறப்படுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

இதிலே என்ன அதிசயம் என்கிறீர்களா? தலைமறைவாகத் திரிகிற அந்த நாட்களில்தான் தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் அறிந்து கொள்கிறார்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் உண்டு, எந்தப் புதரில் படுக்கலாம், எதைச் சுட்டுத் தின்னலாம் என்று தகப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரிலே அவனுக்கு ஒரு சாண் நிலம் நிலைக்கவில்லை. ஆனால் ஊருக்கு வெளியே உள்ள காடு முழுவதும் அவனுக்குத் தெரியும். சட்டம் தேடுகிற பையனைக் காடு கேள்வி கேட்காமல் வைத்துக் கொள்கிறது. அதற்காக வேப்ப மரம் கண்ணீர் வடித்ததாகவோ, மழை வந்து ரத்தத்தைக் கழுவியதாகவோ பூமணி ஒரு வரி எழுதவில்லை. வெயில் கொளுத்துகிறது, கொளுத்திக் கொண்டே இருக்கிறது. குற்றவாளிக்கும் நிரபராதிக்கும் ஒரே வெயில். வையை அழுதாள், கரிசல் அழாது. அங்கே அழுவதற்குத் தண்ணீர் ஏது!

அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள். ஒரு மகனைக் கொன்று விட்டார்கள். இன்னொரு மகன் கொன்றுவிட்டு ஓடிக் கொண்டிருக்கிறான். கதை காட்டுக்குள் நடந்தாலும், படிக்கிற நமக்கு ஒரு காது அவள் இருக்கும் பக்கமே இருக்கிறது.

சோ. தர்மன் இன்னொருவர். கோவில்பட்டிக்குப் பக்கத்து உருளைக்குடிக்காரர். 2005-ல் 'கூகை' எழுதினார். கூகை என்றால் கோட்டான். பெரிய பறவை, பலசாலி; ஆனாலும் பகலில் வெளியே தலை காட்டினால் காக்கையும் சின்னக் குருவியும் கூடச் சேர்ந்து கொண்டு கொத்தி விரட்டும். ஊருக்கெல்லாம் உழைத்துவிட்டு, ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாத ஜனங்களுக்கு அந்தப் பறவையை ஒப்பாக வைத்தார். அவருடைய 'சூல்' 2016-ல் வந்து, 2019-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. அதிலே சாட்சி ஒரு கண்மாய். எட்டயபுரம் அரண்மனைக் காலத்தில் ஊரே கூடி மராமத்து பார்த்த கண்மாய், சுதந்திரத்துக்குப் பிறகு யாருடையதும் அல்லாமல் சீரழிந்து போகிறது. கண்மாய் போனால் கரிசலில் விவசாயம் போச்சு. விவசாயம் போனால் ஜனங்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும், மில்லுக்கும், பட்டணத்துக்கும் போகிறார்கள். குதிரைப் படை துரத்தினால்தான் ஊர் பெயர்வதா? தண்ணீர் வற்றினாலும் பெயர்ந்துதானே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஸ்டெயின்பெக் 1939-ல் எழுதிய நாவலில், புழுதி எழும்பி வயலை மூடியதும் குடியானவர்கள் லாரியில் சட்டி முட்டியை ஏற்றிக் கொண்டு மேற்கே போகிறார்கள். அந்தப் புழுதிக்கும் நம் கரிசல் புழுதிக்கும் நிறம்தான் வேறு.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். சாட்சிகளிலே பொய்ச் சாட்சியும் உண்டு! இப்போது கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேல். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஏழைகளுக்கு அதுதான் சோறு. மற்றவர்களுக்கெல்லாம் அது எதிரி. ஆனால் அந்த மரம் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. 1877 வாக்கில்தான் அதன் விதை இந்தியாவுக்கு வந்ததாகக் கணக்கு. கட்டபொம்மன் கதையை எழுதும் ஒருவர், "சீமைக் கருவேல மறைவில் வீரர்கள் பதுங்கியிருந்தனர்" என்று எழுதினால், பேஷ், பிடித்துக் கொள்ளுங்கள்! சப்பாத்திக் கள்ளியும் கடல் கடந்து வந்ததுதான். ஒரு காலத்தில் ஊரை வளைத்துக் கொண்டிருந்த அதை ஒழிக்க, 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டு வந்து விட்டார்கள். சில வருஷங்களில் கள்ளிக் காடு மாயமாய் மறைந்தது. ஆகையால் கதையில் கள்ளி வந்தால், எந்த வருஷத்துக் கதை என்று ஒரு கண் பார்த்துக் கொள்ளுங்கள். சரித்திர நாவல் எழுதுகிற நம்மவர்கள் ராணியின் நகைகளுக்கு எடுத்துக் கொள்ளும் சிரத்தையில் கால்வாசியை மரம் செடிக்கும் எடுத்துக் கொள்ளலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இலங்கையில் 2009-ல் சண்டை முடிந்த பிறகு யாழ்ப்பாணச் சாலையில் போய் வந்தவர்கள், ஷெல் அடியில் தலை போன பனைகள் வரிசையாக நின்றதைச் சொல்லியிருக்கிறார்கள். பனைக்குக் குருத்து போனால் மறுபடி துளிர்க்காது. அந்த மொட்டை மரங்களைப் பார்த்துத்தான் "இங்கேதான் எங்கள் வளவு இருந்தது" என்று சிலர் தங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருப்பார்கள்.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அக்கம் பக்கத்திலோ வேறு ஊரிலிருந்து வந்த பாட்டி யாராவது இருந்தால், ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்தி விடுவார்கள். அந்த ஊரில் வீட்டு வாசலில் என்ன மரம் நின்றது என்று கேளுங்கள். பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள். கதை முடிய நேரமாகும். கேட்டதை எனக்கும் எழுதுங்கள்.